சுடாத பூக்குழி

2024 மார்ச் 12

இன்று பஜாரில் ஒரு கால் செருப்பைத் தொலைத்தேன். தொலைந்தது தெரியாமலே வளையல் கடையிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்து வந்திருக்கிறேன். கூட வேலை பார்க்கும் குருவம்மாள்தான் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மதினி, ஒரு கால்ல செருப்பு இருக்கு, ஒரு கால்ல இல்ல. இது என்ன புதுசா வந்த மாடலா?"

குனிந்து பார்த்தால் நிஜம்தான். நடுரோடு என்றும் பார்க்காமல் இரண்டு பேரும் சிரித்தோம். திரும்பிப் போய்த் தேடினோம். வாழைக்காய் வண்டிக்கு அடியில் சமர்த்தாகக் கிடந்தது என் செருப்பு.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். சங்கிலிமுத்துவுக்குச் சிரிப்பு அவ்வளவு சீக்கிரம் வராது. "வாரு நைஞ்சிருக்கும். வேற வாங்கு" என்றார். அவ்வளவுதான். அச்சாபீஸுக்குக் குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். நாளெல்லாம் பேப்பர்க் கட்டோடு இருந்து பேச்சே குறைந்துவிட்டதோ என்னவோ. இந்த டைரியும் அவர் கொண்டுவந்ததுதான். அட்டை கோணலாக ஒட்டிவிட்டதால் கழித்துப் போட்டார்களாம். உள்ளே தேதியெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

பங்குனிப் பொங்கல் வருகிறது. இந்த வருஷமும் பூக்குழி இறங்க வேண்டும். மகள் எழிலுக்குத் தலைப்பிரசவத்தில் உயிர் போய் வந்தபோது, ஏழு வருஷம் இறங்குகிறேன் என்று எங்கள் ஊர்க் காளியம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். இது ஆறாவது. அவள் இப்போது காரியாபட்டியில் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறாள்.

மார்ச் 26

காப்புக் கட்டியாயிற்று. ஒரு நேரச் சாப்பாடு. விரதத்தில் சர்க்கரை மாத்திரை போடலாமா கூடாதா என்று தெரியவில்லை. போடாமல் இருந்துவிட்டேன். விரதம் இல்லாத நாளில் மட்டும் என்ன ஒழுங்கு? உடம்பு கேட்டால் போடுவேன், கேட்காவிட்டால் டப்பாவில் கிடக்கும். இப்போது ஒன்றும் கேட்கவில்லை. பானகம் மட்டும் தாராளமாக.

ஏப்ரல் 9

இறங்கிவிட்டேன்!

முந்தின வருஷங்களைவிடக் கங்கு அதிகம். பக்கத்தில் நிற்கவே முகம் எரிந்தது. பூசாரி நல்லசிவம் முதலில் இறங்கினார். பின்னாலேயே நான். முதல் வருஷம் பாதியிலேயே அலறிக்கொண்டு ஓடியது ஞாபகம் இருக்கிறது. இந்த வருஷம் மெல்ல, வீட்டு முற்றத்தில் நடப்பது போல நடந்தேன். பஞ்சு மேல் கால் வைத்தது போலத்தான் இருந்தது. சுடவே இல்லை.

பால்குழியில் இறங்கியதும் குருவம்மாள் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "மதினிக்கு ஆத்தா கூடவே வாரா. மொகத்துல ஒரு சுளிப்பு இல்ல" என்று ஊரெல்லாம் கேட்கச் சொன்னாள். எனக்கும் பெருமைதான். ஏன் பொய் சொல்ல வேண்டும்? எத்தனை பேர் காலைத் தூக்கித் தூக்கி வைத்து ஓடினார்கள். எனக்கு மட்டும் சுடவில்லையே.

ஏப்ரல் 16

காலையில் வீட்டைத் துடைத்துவிட்டு, அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். சங்கிலிமுத்து பல் விளக்கிவிட்டு உள்ளே வந்தவர் அப்படியே நின்றார்.

"இது யாரு காலு?"

தரையில் வரிசையாகத் தடம். ஈரம் என்று நினைத்தேன். ஈரம் மஞ்சளாக, நடுவில் சிவப்பாக இருந்தது. அடுப்படியிலிருந்து தொடங்கி என் காலில் வந்து முடிந்தது.

உட்கார வைத்துப் பாதத்தைத் திருப்பிப் பார்த்தார். வலது காலில், மெட்டி போடும் விரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து குழியாகியிருக்கிறதாம். வாடையும் வருகிறதாம். எனக்கு எதுவும் தெரியவில்லை. ஒரு வாரமாகப் பட்டாசுக் கம்பெனிக்குப் போய் வந்துகொண்டிருக்கிறேன். திரி செருகுகிற கொட்டகையில் செருப்புப் போடக் கூடாது. வெயில் காயும் சிமெண்டு மேடையில் வெறுங்காலோடுதான் நடந்தேன். ஒரு இடத்தில்கூட வலிக்கவில்லை.

"வலிக்கலையா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் இத்தனை முறை ஒரே கேள்வியைக் கேட்டு நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 17

சுகாதார நிலையத்துக்குப் போனோம். ருமானா என்று ஒரு சிஸ்டர். விருதுநகர்க்காரப் பெண். புண்ணைக் கழுவிக் கட்டிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் நரம்பை எடுத்தார்.

"கண்ண மூடிக்குங்கம்மா. நான் காலத் தொடும்போதெல்லாம் 'ம்'னு சொல்லுங்க."

கண்ணை மூடிக் காத்திருந்தேன். வெளியே பிள்ளை அழுகிற சத்தம் கேட்கிறது, மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கிறது. சிஸ்டர் ஏன் இன்னும் தொடங்கவில்லை?

"ஆரம்பிங்க தாயி" என்றேன்.

"முடிச்சிட்டேன்மா."

கண்ணைத் திறந்தேன். சங்கிலிமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சர்க்கரை ரொம்ப நாள் கூடுதலாகவே இருந்ததில் பாதத்து நரம்பு மரத்துப்போயிற்றாம். செருப்புக் கழன்றது தெரியாமல் போனது, பஞ்சில் நடப்பது போல இருந்தது எல்லாம் அதுதானாம். "வலி வந்திருந்தா நீங்க அன்னைக்கே வந்திருப்பீங்க. வலி வராததுதாம்மா ஒங்களுக்கு வியாதி" என்றார்.

பூக்குழி இறங்கினதைச் சொன்னேன். சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்ப ஆத்தா கூட வரலையா? நான் நடந்தது செத்த காலு வெச்சா? ஊரெல்லாம் கூடி நின்னு கும்பிட்டாகளே — அம்புட்டும் இந்த வியாதியத்தானா? எனக்கு அழுகை நிக்க மாட்டேங்குது. புண்ணுக்கு அழுகல. இதுக்குத்தான் அழுகுறேன்.

ஏப்ரல் 18

விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். விரல் வீங்கி மெட்டி கழலவில்லை. சின்னக் கட்டரால் நறுக்கி எடுத்தார்கள். கல்யாணத்தன்று போட்டது. நறுக்கிய துண்டைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சங்கிலிமுத்து அதை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னார்: "விடு புள்ள. மெட்டியா எங்கூடக் குடும்பம் நடத்துது?"

ஏப்ரல் 21

எக்ஸ்ரேயில் விரல் எலும்பு வரை சீழ் போயிருக்கிறது. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் காட்டி விளக்கினார். விரலை எடுத்துவிட்டால் பாதத்தைக் காப்பாற்றலாம், தள்ளிப்போட்டால் மேலே ஏறும். சர்க்கரையைக் குறைக்க ஊசி போடுகிறார்கள். அதிகமாகவே இருக்கும்போது புண் ஆறாதாம், கிருமிக்கு அது நல்ல தீனியாம்.

எழில் காரியாபட்டியிலிருந்து வந்துவிட்டாள். "எனக்காக நடந்து நடந்துதானம்மா..." என்று தொடங்கினாள். அடிக்கிற மாதிரி கையை ஓங்கினேன். "ஏட்டி, ஒன்னாலயும் இல்ல, ஆத்தாளாலயும் இல்ல. மாத்திர டப்பாவுல கெடந்துச்சு, நான் பானகம் குடிச்சிக்கிட்டு இருந்தேன்" என்றேன். சொன்ன பிறகு எனக்கே ஆச்சரியம். அழுகை எங்கேயோ போய்விட்டது.

ஏப்ரல் 23

எடுத்தாயிற்று.

மே 4

வீட்டுக்கு வந்துவிட்டேன். வாசலில் குருவம்மாள் ஆரத்தித் தட்டோடு நின்றாள். "வலது காலத்தான எடுத்து வைக்கணும், எதுல வெரலு இல்ல?" என்று கேட்டாள். "வலதுலதான்" என்றதும் திருதிருவென்று விழித்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஏகப்பட்டது சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வெறுங்காலோடு நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளேயும். வெந்நீரில் கால் வைக்கக் கூடாது. சூடு காலுக்குத் தெரியாது என்பதால் முழங்கையை விட்டுப் பார்க்க வேண்டும். ஆணிக்காலை பிளேடால் சீவக் கூடாது. பாதத்தின் அடியைத் தினமும் பார்க்க வேண்டும். விரலிடுக்கெல்லாம்.

அடிப்பாதத்தை நானே எப்படிப் பார்ப்பது? மடக்கினால் முட்டி பிடிக்கிறது. இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் சங்கிலிமுத்து டார்ச் லைட்டோடு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"கால நீட்டு."

"ஐயோ, நீங்க எங்காலடியிலயா உக்காருவீக? எந்திரிங்க. யாராச்சும் பாத்தா என்ன நெனைப்பாக?"

"அன்னைக்கு நான் பாக்காம இருந்திருந்தா முழுக் காலும் போயிருக்கும். நீட்டு."

சேலையைக் கணுக்கால் வரை இழுத்து மூடிக்கொண்டு, பாதத்தை மட்டும் நீட்டினேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். அவர் தொடுவது எனக்குத் தெரியாது. ஆனாலும் உடம்பெல்லாம் கூசியது.

மே 7

எதிர்வீட்டு அத்தை எட்டிப் பார்த்துவிட்டாள். அவர் மடியில் என் கால். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு போனாள். நான் வெட்கத்தில் செத்தேன். அவர் விரலிடுக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

மே 19

பூசாரி நல்லசிவம் திருநீறு கொண்டுவந்தார். நான் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். கேட்டுவிட்டேன்.

"சாமி, எனக்கு நரம்பு மரத்துத்தான் சுடலையாம். அப்ப நான் இறங்குனது ஆத்தாளுக்குச் சேருமா, சேராதா?"

அவர் தாடையைத் தடவிக்கொண்டார்.

"தாயி, சுடாதுன்னு ஒனக்கு யாரு சொன்னது? எனக்கு வருஷா வருஷம் சுடத்தான் செய்யுது. மறுநா நொண்டிக்கிட்டேதான் பூச வைக்கேன். எம்பொண்டாட்டிட்டக் கேளு, தேங்கா எண்ண தேச்சி விடுறது அவதான்."

"அப்ப அன்னைக்கு எல்லாரும் ஆத்தா கூட வாரான்னு சொன்னப்போ நீங்க ஏன் சொல்லல?"

"நீ அம்புட்டுச் சந்தோசமா இருந்த. நான் எதுக்குக் கெடுக்கணும்னு பேசாம இருந்திட்டேன்." தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டிருக்கணும். சுடலன்னா ஏன் சுடலன்னு கேட்டிருக்கணும்."

போகும்போது வாசலில் நின்று சொன்னார்: "நேந்தது நேந்ததுதான் தாயி. நீ புள்ளைக்காகத்தான இறங்குன. அது சேந்திரிச்சு."

மனசுக்குள் ஒரு பாரம் இறங்கினது போல இருந்தது. ராத்திரிச் சாப்பாடு நன்றாக இறங்கியது. கேப்பைக் களியும் கீரையும்தான்.

ஜூன் 11

ஊசியை நானே போடப் பழகிவிட்டேன். முதல் நாள் கை நடுங்கியதைப் பார்த்துவிட்டு, "சேவல் றெக்கையாட்டம் அடிக்குது" என்றார் சங்கிலிமுத்து. இப்போது காப்பி ஆற்றுகிற மாதிரி பழகிவிட்டது. காப்பியில் சீனிதான் இல்லை.

கருப்பட்டி போட்டால் ஒன்றும் செய்யாது என்று குருவம்மாள் சத்தியம் செய்தாள். நம்பிக் குடித்தேன். ருமானா சிஸ்டர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கருப்பட்டியா?" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டால், இந்தப் பக்கத்தில் வருகிற பாதிப் பேர் அதைத்தான் செய்கிறார்களாம். சீனியோ, கருப்பட்டியோ, தேனோ, ரத்தத்துக்கு எல்லாம் ஒன்றுதானாம். சோறு ஒரு பங்கு என்றால் காய் இரண்டு பங்கு. நடக்கலாம், செருப்போடு. வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் சோதனை. காலுக்கு வந்தது அங்கேயும் சத்தமில்லாமல் வருமாம்.

கண் சோதனையும் ஆயிற்று. நல்லவேளை, கண் தெளிவாக இருக்கிறது. இல்லாவிட்டால் இதை யார் எழுதுவது?

ஜூலை 8

புண் முழுக்க ஆறிவிட்டது! விரல் இருந்த இடம் வழவழவென்று இருக்கிறதாம். வீட்டுக்காரர் சொன்னது.

புதுச் செருப்பும் வந்தது. எம்.சி.ஆர். செருப்பு என்கிறார்கள், மரத்த காலுக்கென்றே செய்வதாம். உள்ளே மெத்தை மாதிரி ரப்பர், ஆணியே கிடையாது, பின்னால் வார். கழன்று விழ வழியில்லை. பார்க்க எருமை மாதிரி இருக்கிறது. ஆனால் என்னோடு ஒழுங்காக வருகிறது.

ஜூலை 15

கம்பெனிக்குப் போனேன். போர்மேன் பாலகுரு கொட்டகை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"அக்கா, செருப்போட உள்ள வர முடியாது. ஒங்களுக்குத் தெரியாததா? மண்ணு ஒட்டிக்கிட்டு வந்து வெடிமருந்துல ஒரசுச்சின்னா ரூமே இருக்காது."

"செருப்பில்லாம நடக்கக் கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காகளே தம்பி."

"செருப்புப் போட்டா இருக்குறவகளுக்கு ஆபத்து. கழட்டுனா ஒங்களுக்கு ஆபத்து. நான் எந்தப் பக்கம் சாய?" தலையைச் சொறிந்துகொண்டார். கோபமாகப் பேசியிருந்தால் நானும் சண்டை போட்டிருப்பேன். அவர் நிஜமாகவே தவித்தார். அவர் சொன்னதும் சரி, டாக்டரம்மா சொன்னதும் சரி.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பிள்ளையாக இருந்தபோது அப்பாவோடு பருத்தி எடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு இந்தத் திரிதான். வேறு என்ன தெரியும் எனக்கு? கொட்டகையில் எங்கள் வரிசையில் பேச்சும் சிரிப்புமாக இருக்கும். அது இல்லாமல் வீட்டுக்குள்ளேயே கிடந்தால் பைத்தியம்தான் பிடிக்கும்.

ஜூலை 19

பாலகுரு வீட்டுக்கே வந்தார். மருந்துக் கொட்டகைக்கெல்லாம் தள்ளி, ரோட்டுப் பக்கம் காலிப் பெட்டி மடிக்கிற கூடம் இருக்கிறது. மருந்து அந்தப் பக்கமே வராது. செருப்புப் போடலாம், ஸ்டூலில் உட்காரலாம். முதலாளியிடம் பேசிவிட்டாராம்.

"ஆனா ஒண்ணுக்கா. மத்த ஆளுக்கும் கால் பாக்கணும்னு நெனைக்கேன். நம்ம ஆளுக அம்புட்டுப் பேரும் வெறுங்கால்தான? எத்தன பேருக்குச் சர்க்கரையோ, யாரு கண்டா? அந்த சிஸ்டர் இங்கன வருவாகளா?"

கேட்டுப் பார்க்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 6

ருமானா சிஸ்டர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்கு வந்தார். வேப்பமரத்தடியில் எல்லாரும் காலை நீட்டி உட்கார்ந்தார்கள். ஒரே கூத்து. "கிச்சுக்கிச்சு மூட்டுறீகளா சிஸ்டர்?" என்று துள்ளினவர்களைப் பார்த்து எனக்கு அவ்வளவு ஆனந்தம். துள்ளுங்கடி, நன்றாகத் துள்ளுங்கள்.

குருவம்மாள் கடைசி வரை வரவில்லை. எல்லாரும் போன பிறகு மெல்ல வந்து உட்கார்ந்தாள். கால் நன்றாக இருக்கிறது. ஆனால் சர்க்கரை இருக்கிறது. நான் பார்த்து அவள் பேசாமல் இருந்தது இதுதான் முதல் முறை.

"மதினி, இனிமே நான் கருப்பட்டிக் காப்பி குடிக்க முடியாதா?" என்று கேட்டாள், வீட்டுக்குத் திரும்புகிற கம்பெனி வேனில்.

"முடியாது. வா, ரெண்டு பேரும் கசப்பாவே குடிப்போம்."

செப்டம்பர் 17

சீசன் வேலை. காலையில் ஊசி போட்டுவிட்டு, கம்பெனியில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று வேனில் ஏறினேன். ஆனைக்குட்டம் விலக்கு ரோட்டில் வேன் பஞ்சர். சாப்பாட்டுப் பை வேன் மேலே கட்டின மூட்டையோடு மாட்டிக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கை நடுங்கியது, வேர்வை ஊற்றியது, எதிரே இருந்தவள் முகம் மங்கலாயிற்று. குருவம்மாள் பார்த்துவிட்டாள். டிரைவர் பையனின் டீ கிளாஸைப் பிடுங்கி, "சீனி இருக்கா? இருக்கா?" என்று கத்தி, என் வாயில் ஊற்றினாள்.

தெளிந்த பிறகு அவளும் அழுதாள், நானும் அழுதேன். அப்புறம் சிரித்தோம். ஊசி போட்டால் சாப்பாட்டைத் தள்ளிப்போடக் கூடாது என்று சிஸ்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். சர்க்கரை கூடுவதற்குத்தான் பயந்தேன். குறைந்தாலும் ஆளைச் சாய்க்கிறது. இனி வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். இடுப்பில் சீனிப் பொட்டலம். சர்க்கரைக்காரி சீனியை முடிந்துகொண்டு திரிகிறேன்.

அக்டோபர் 31

தீபாவளி. பேரன் வந்திருந்தான். ஒரு வடை, அதிரசத்தில் கிள்ளின அளவு. நாங்கள் மடித்த பெட்டி ஒன்று தெருவில் கிழிந்து கிடந்தது. "அது அம்மாச்சி பெட்டி!" என்று பேரன் ஓடிப்போய் எடுத்து வந்தான்.

2025 ஜனவரி 21

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை பார்த்தார்கள், நன்றாகக் குறைந்திருந்தது. டாக்டரம்மா காகிதத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "யாரு பாக்குறா ஒங்கள?" என்று கேட்டார். நான் திரும்பி வாசலைக் காட்டினேன். சங்கிலிமுத்து அங்கே என் எருமைச் செருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

நரம்பு திரும்பி வருமா என்று கேட்டேன். வராது என்றே நினைத்துக்கொள்ளுங்கள், இருக்கிற இடத்தில் நிற்கும் என்றார். சரி. நிற்கட்டும்.

மார்ச் 11

பங்குனி வருகிறது. ஏழாவது வருஷம். இறங்கக் கூடாது என்று எனக்கே தெரியும். டாக்டரம்மாவைக் கேட்டால் அடிக்க வருவார். ஆனாலும் வாய்விட்டு நேர்ந்தது. ஒரு வருஷம் பாக்கி வைத்துவிட்டு எப்படி இருப்பது? பால்குடம் எடுக்கலாம் என்றால் அதற்கும் வெறுங்கால். வீட்டுக்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

மார்ச் 25

இன்று காப்புக் கட்டும் நாள். கோயிலுக்குச் செருப்போடு போக முடியாதென்று வீட்டிலேயே இருந்தேன். மனசு சரியில்லை. மணி அடிக்கிற சத்தம் கேட்கக் கேட்க முருங்கைக் கீரையை உருவிக்கொண்டே இருந்தேன்.

சங்கிலிமுத்து வந்தார். கையில் மஞ்சள் காப்பு!

"என்ன இது? யாருக்கு?"

"எனக்குத்தான். நான் இறங்குறேன்."

"நேந்தது நானில்ல?"

"எழிலு ஒனக்கு மட்டுமா மக?"

இந்த மனுஷன் கோயில் வாசலில் வண்டியை நிறுத்திக் கும்பிட்டதைக்கூட நான் பார்த்ததில்லை.

மார்ச் 27

சும்மா விடுவேனா? முதலில் சிஸ்டரிடம் கால் காட்டினால்தான் இறங்கலாம் என்று சொல்லிவிட்டேன். சண்டை போட்டுத்தான் கூட்டிப்போனேன். ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாக இல்லை. கண்ணை மூடி உட்கார வைத்து அந்த நைலான் நரம்பைக் கையில் எடுத்தார் சிஸ்டர். தொடுவதற்கு முன்னாலேயே "ம்" என்றார் இவர்.

"அண்ணே, நான் இன்னும் தொடலையே!"

"தொடப்போறீகன்னு தெரிஞ்சிச்சு."

சிஸ்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுபடி ஒழுங்காகப் பார்த்தார். எல்லா இடத்திலும் தெரிகிறது. குதிகாலில்கூட. இப்படி ஒரு காலா!

ஏப்ரல் 8

இறங்கிவிட்டார்.

பந்தலுக்கு வெளியே, செருப்பைக் கழற்றாமல் நிற்கிற இடத்தில் ஸ்டூல் போட்டு எனக்கு இடம் பிடித்திருந்தாள் குருவம்மாள். நல்லசிவத்துக்குப் பின்னால் மஞ்சள் வேட்டியில் இவர். முதல் அடி கம்பீரமாகத்தான் வைத்தார். இரண்டாவது அடியில் கண் பிதுங்கியது. அதற்குப் பிறகு நடையாவது ஒன்றாவது, "ஆத்தாடி! யாத்தே!" என்று அலறிக்கொண்டு பால்குழிக்குப் பாய்ந்தார். முன்னால் போன பூசாரி ஒதுங்கி வழிவிட வேண்டியதாயிற்று. கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவரை உட்கார வைத்து, நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாதத்தைப் பார்த்தேன். குதிகாலில் சின்னக் கொப்புளம். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினேன்.

"எம்புட்டுச் சூடுங்கிற! நீ எப்படி புள்ள ஆறு வருஷம் இறங்குன?"

"மொத நாலு வருஷம் சுடத்தாங்க செஞ்சிச்சு" என்றேன்.

"அப்பவும் மறு வருஷம் இறங்குனியே" என்றார்.

ஏப்ரல் 27

ஞாயிற்றுக்கிழமை. எழில் போன் செய்தாள். பேரன் கணக்கில் முட்டை வாங்கியிருக்கிறான். அதற்கு அவளைத் திட்ட வேண்டியிருந்தது. போனைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினேன். அவனை அடிக்காதே, உனக்கும் கணக்கு வராது, உன் அப்பாவுக்கும் வராது என்று ஏதேதோ. எதிர்வீட்டு அத்தை வந்து வெங்காயத்தில் பாதியை இழுத்துக்கொண்டு உரிக்க உட்கார்ந்தாள். அத்தைக்கும் ஒரு வாய் பேச ஆசை, போனை அவளிடம் கொடுத்தேன். வாங்கினேன். மறுபடி கொடுத்தேன்.

பேசி முடித்துத் திரும்பினால் இவர் டார்ச்சை அணைத்துக்கொண்டிருக்கிறார். இரண்டு காலுக்கும் எண்ணெய் தடவியாயிற்று. விரலிடுக்கில் மட்டும் தடவவில்லை, அங்கே ஈரம் கூடாது என்று அவருக்குத் தெரியும்.

"எப்பப் பாத்தீக?" என்று கேட்டேன்.

"நீதான நீட்டுன" என்றார்.